வெயில் பட்ட பக்கம்

1. ஓகே போடுகிற ஆள்

சிவகாசியில் ஒரு லேபிள் பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம் மை கலக்கினேன். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளுக்குச் சிவப்பு எவ்வளவு சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. கத்தியால் மையை வழித்துக் கலக்கி, விரலில் தொட்டு, தாளில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். அதன் ஓரத்தில் 'ஓகே' என்று கிறுக்கினால்தான் மிஷின் ஓடும். முதலாளியே அந்தக் கிறுக்கலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது. மகளின் ராங்க் கார்டில்கூட அவள் அம்மாதான் கையெழுத்துப் போடுவாள்.

அப்புறம் கலர் பார்ப்பதற்கென்று ஒரு மிஷின் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். அது டீ கேட்காது, சீசனில் லீவு கேட்காது, பழைய கதை பேசாது. மூன்றாவதுதான் முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது என்று நினைக்கிறேன். ஐம்பத்தோரு வயதில் நான் வெளியே வந்தேன்.

விருதுநகர் பஜாரில் ஹாபி கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். மீன்தொட்டி, ரிமோட் கார், பட்டம், கேரம் போர்டு, ஸ்கூல் புராஜெக்டுக்குத் தெர்மாகோல் எல்லாம் விற்கிற கடை. ரோட்டிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். முதல் நாள் அவர் என்னை ஷோகேஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆறடிக் கண்ணாடி, மேற்குப் பார்த்தது. உள்ளே பேட்டரி செத்த இரண்டு காரும், ஒரு பல்லியும்.

"இதுதேன் ஒம்ம டிபார்ட்மெண்டு. ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும். உள்ள வந்து வாங்குனா நல்லது. வாங்காட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்கவாச்சும் வரட்டும்."

"பல்லி அண்ணாச்சி?"

"அது பழைய ஸ்டாப்பு. அத ஒண்ணும் சொல்லாதீரும்."

2. தொப்பி வைத்த பட்டாளம்

சேர்ந்த இரண்டாவது மாதம், காதர் மைதீன் மாமா இரண்டு செருப்பு அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். சொந்தக்காரர் இல்லை. எங்கள் பக்கம் பாய்மார்களும் நாங்களும் மாமா, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மிளகாய் வத்தல் மண்டியில் நாற்பது வருஷம் இருந்தவர். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் காட்டினால், அது எந்த ஊர் லோடு, எத்தனை நாள் காய்ந்தது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். அப்புறம் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய்க் கண்ணில் ஊசி போட வேண்டும். விடாமல் போட்டால் மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்பது டாக்டர் சொன்னது.

பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் நூற்று நாற்பது பொம்மைச் சிப்பாய்கள். ஒவ்வொருவனும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உயரமான தொப்பி, தோளில் துப்பாக்கி, இடுப்பில் பட்டை. குதிரை பன்னிரண்டு, பீரங்கி இரண்டு. துபாயில் இருக்கிற மச்சான் ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்து கொடுத்தவை.

"பெயிண்ட் அடிக்கணும் அடிக்கணும்னு வச்சிருந்தேன் மாப்ள. அப்ப கண்ணு இருந்துச்சு, நேரம் இல்ல. இப்ப நேரமாக் கெடக்கு. இருக்கிற கண்ணு போறதுக்குள்ள இவங்கெல்லாம் கலரா நிக்கிறதப் பாத்துரணும்."

"பாத்துருவோம் மாமா."

"ரெண்டு பார்ட்டி. ஒரு பார்ட்டி செவப்பு, இன்னொண்ணு பச்ச. சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கணும்."

கடையில் விற்கிற அக்ரிலிக் பெயிண்டில் இரண்டு ஆளுக்கு அடித்துக் காட்டினேன். மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் கரைச்ச புளி மாதிரி இருக்கே."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தபோதெல்லாம் யாருக்காவது நஷ்டம்தான். பழைய பிரஸ்ஸுக்குப் போய் ஃப்ளோரசன்ட் மை இரண்டு டப்பா கேட்டு வாங்கி வந்தேன். கடையில் நூறு பெட்டி அடுக்கியிருந்தாலும் தன்னைப் பார் என்று கத்துகிற லேபிள்களுக்குப் போடுகிற மை அது. அதற்கு ஆயுசு ஒரு சீசன். ஆடியில் பெட்டி கடைக்குப் போனால் தீபாவளி வரைக்கும் கத்தினால் போதும். வெடித்த பிறகு லேபிளை யார் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளை அடித்து அதன் மேல் இந்த மையைத் தீட்டி, ஒரு சிவப்பனையும் ஒரு பச்சையனையும் மாமா கையில் கொடுத்தேன். வாசல் பக்கம் திரும்பிப் பிடித்தார்.

"யாத்தீ! இவன் செவப்பு. இவன் பச்ச. மாப்ள, துப்பாக்கிப் பட்டகூடத் தெரியுதுய்யா!"

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாய், தொப்பியப் பாத்தா புஸ்வாணம் மாதிரி இருக்கு. திரி எங்கன?"

"சிவகாசி ஆளச் சேத்ததும் ஒங்களுக்கும் எதப் பாத்தாலும் பத்த வைக்கத்தேன் தோணுது அண்ணாச்சி."

நாலு மாதம் தீட்டினேன். தெர்மாகோலில் ஒரு மேடு செய்து, ஷோகேஸில் இடது பக்கம் சிவப்புப் பட்டாளம், வலது பக்கம் பச்சைப் பட்டாளம், நேருக்கு நேர். ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள். சாத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தவர்களும் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேட்டின் ஓரத்தில் பழைய பழக்கத்தில் 'ஓகே' என்று கிறுக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மாமா வருவார். படியேறி, வாசலில் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாக எண்ணுவார்.

"செவப்பு எழுபது, பச்ச எழுபது. அம்புட்டுப் பேரும் ட்யூட்டிக்கு வந்துட்டாங்க."

அதுதான் அவருக்குக் கண் டெஸ்ட். ஊசிக்குப் போய்விட்டு வந்தால் நேரே இங்கேதான். "வலிக்கத்தேன் செய்யுது மாப்ள. ஆனா வந்து நின்னா இவங்க தெரியுறாங்கல்ல. அதுக்காகப் போட்டுக்கலாம்" என்பார்.

3. சமாதானம்

பங்குனி, சித்திரை. விருதுநகர் வெயிலைப் பற்றி விருதுநகர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கண்ணாடியில் கை வைக்க முடியாது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வந்து நின்றார். எண்ணவில்லை.

"மாப்ள, உள்ள லைட்டப் போடு."

"போட்டுத்தான் இருக்கு மாமா."

"அப்படியா." கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். "எல்லாம் ஒரே வெளுப்பா இருக்கே. எவன் செவப்பு, எவன் பச்சன்னே தெரியல."

நான் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

"வீட்ல எல்லாமே மங்கல்தேன். அது பழகிப்போச்சு. இது ஒண்ணுதேன் பளிச்சுன்னு தெரியும். இதுவும் போச்சா..." கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. "சரி மாப்ள. வாரேன்."

அவர் திரும்பியதும் நான் ஷோகேஸைப் பார்த்தேன். இந்தத் தடவை மைக்காரன் கண்ணால் பார்த்தேன். இரண்டு பட்டாளமும் தண்ணி மோர் நிறத்தில் நின்றன. பின்பக்கக் கதவைத் திறந்து முன்வரிசைச் சிவப்பன் ஒருவனை எடுத்தேன். ரோட்டைப் பார்த்த பக்கம் வெளிறிப்போயிருந்தது. கடையைப் பார்த்த பக்கம் தீட்டிய அன்று இருந்த மாதிரியே நெருப்பாக எரிந்தது.

மாமா கண்ணுக்கு ஒன்றுமில்லை. போனது என் மை.

'இந்த லேபிளை வெயிலில் தொங்கவிடாதீங்க' என்று லேபிள் வாங்க வருகிற எத்தனையோ பார்ட்டிகளிடம் சொன்னவன் நான். டப்பாவிலும் போட்டிருக்கிறது.

"என்னய்யா, ரெண்டு பட்டாளமும் சமாதானமாப் போயிருச்சா?" பின்னால் அண்ணாச்சி. "அம்புட்டுப் பயலும் வெள்ளக்கொடி மாதிரி நிக்கிறானுக."

மாமா அப்போது படியில் இருந்தார். ஒரு காலை விட்டுத் தடவி, படி இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த காலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சிப்பாயைத் திருப்பிக் காட்டி, "மாமா, ஒங்க கண்ணு இல்ல, எம் மையி" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. ஓகே போட்டவன் அல்லவா? மிஷின் என்னை வெளியே தள்ளிய பிறகு, 'நீ பெரிய ஆள்' என்று என்னை நம்பியவர் ஊரில் அவர் ஒருத்தர்தான். அவரிடம் போய் மையில் தப்பு என்று எப்படிச் சொல்வது?

நான் போட்ட திட்டம் இது. பட்டாளத்தை வெயில் படாத உள்சுவருக்கு மாற்ற வேண்டும். எல்லாருக்கும் சத்தமில்லாமல் மறுபடி மை தீட்டிவிட வேண்டும். அப்புறம் கூப்பிட்டு, "இப்பப் பாருங்க மாமா" என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியவே போவதில்லை. இரண்டே வாரம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. சார்ட், தெர்மாகோல், பூமி உருண்டை என்று கடையில் கூட்டம். இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. இடையில் ஒருநாள் போன் போட்டேன்.

"ஏன் மாமா இந்தப் பக்கம் காணோம்?"

"வந்து என்னத்தப் பாக்க மாப்ள?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சும்மா வாங்க மாமா, டீ குடிக்கலாம்" என்றேன். டீக்கு அவர் வரவில்லை.

4. இரண்டு ஊசி

நூறு பேருக்கு மறுபடி தீட்டி முடித்திருந்தேன். மாமாவின் மகள், தன் பிள்ளைக்குச் சார்ட் பேப்பர் வாங்க வந்தாள்.

"அத்தா எப்படிம்மா இருக்காக?"

"எங்கண்ணே. ரெண்டு மாசமா ஊசிக்கு வரவேமாட்டேன்னுட்டாக. கலரு தெரியல, இனிமே எதுக்கு ஊசின்னு ஒரே பிடிவாதம். எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டோம். போன வாரம் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சு. இப்ப வெளிச்சம் இருக்கா, இல்லையா, அதுமட்டுந்தேன் தெரியுது. டாக்டரும் உறுதியா ஒண்ணும் சொல்லல."

"எப்ப இருந்து வரமாட்டேன்னாக?"

"ஒரு வெள்ளிக்கிழம. ஒங்க கடைக்கு வந்துட்டுத்தேன் வீட்டுக்கு வந்தாக. அன்னைக்கே படுத்துட்டாக."

சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன்.

தீட்டாமல் மிச்சம் இருந்தவர்களில் ஒரு சிவப்பனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே போனேன். மாமா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

"தின்னர் வாசம் வருது. மாப்ளயா?"

"ஆமா மாமா."

"ஒக்காரு. அங்கன ஸ்டூல் கெடக்கும் பாரு."

உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மை, வெயில், பாதி வெளுத்த சிப்பாய், இரண்டு வாரத் திட்டம். மேடையில் ஜோக்கடித்தே பிழைக்கலாம் என்று கூட்டாளிகள் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட நேராக வரவில்லை. உள்ளே குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"எனக்குக் கண்ணு போகலேன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க படி எறங்கும்போதே."

"ம்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "அப்பவே சொல்லிருந்தா ஒன்னய நான் என்ன மாப்ள செஞ்சிருப்பேன்?"

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ரெண்டு வசவு வஞ்சிருப்பேன். அம்புட்டுத்தேன்."

கையை நீட்டினார். சிவப்பனை வைத்தேன். தொப்பியைத் தடவினார், துப்பாக்கியைத் தடவினார்.

"இதுல எது வெயில் பட்ட பக்கம்?"

அவர் கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பக்கம் வைத்தேன். தடவிப் பார்த்தார். திருப்பி மறுபக்கம் தடவினார். மறுபடியும் இந்தப் பக்கம். வத்தலைத் தரம் பார்க்கிறவர் கை அது, சீக்கிரம் விடாது.

"ரெண்டும் ஒண்ணாத்தேன் இருக்கு" என்றார்.

என் சட்டைப் பையைத் தடவித் தேடி, சிவப்பனை அதில் போட்டார். "டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

5. படி

பட்டாளம் இப்போது உள்சுவரில், வெயில் படாத இடத்தில் நிற்கிறது. சிவப்பு அறுபத்தொன்பது, பச்சை எழுபது. அந்த ஒரு சிவப்பன் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம். மேட்டின் ஓரத்தில் இருந்த 'ஓகே'யை நான் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். மாமா வருவதில்லை. நான் வெள்ளிக்கிழமை போகிறேன். வைவார் என்று ஒவ்வொரு வாரமும் எதிர்பார்க்கிறேன். அதையும் அவர் செய்வதில்லை.

கலர் லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஃப்ளோரசன்ட் வெயிலுக்கு ஆகாது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது டப்பாவிலேயே இருக்கிறது, அதைச் சொல்ல நான் தேவையில்லை. நான் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் சரக்கில் தப்பு என்று தெரிந்தால், பார்ட்டி படி இறங்குவதற்குள் சொல்லிவிடுங்கள். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

எங்கள் கடைக்கு மூன்றே படி. அன்றைக்கு அதை இறங்க மாமாவுக்கு வெகுநேரம் ஆனது.