காம்பு திரும்பிய வெற்றிலை

எனக்குப் பூட்டினால் மட்டும் போதாது. இழுத்துப் பார்க்க வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்க வேண்டும். "பூட்டே ஒருநாள் வாய்விட்டு அழப்போவுது" என்பாள் தங்கச்சி. "கல்யாணம் ஆகிப் போனாத்தான் இந்தச் சத்தத்துலருந்து எனக்கு விடுதலை."

அவளுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. பெத்த நைனா இல்லாத வீடு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்ற வேண்டியவன் நான். நாலு பேர் நிற்கிற கடையில் ஒரு டீ கேட்கவே வியர்த்துப்போகிற ஆள், மண்டபம் நிறைய ஜனம் பார்க்க, "எங்க பொண்ணு இனி உங்க பொண்ணு" என்று சொல்லித் தட்டைக் கொடுக்க வேண்டுமாம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். கண்ணாடி மறுப்பேதும் சொல்லவில்லை.

நகரியில் வேன் ஏறும்முன் பூட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புத்தூர் தாண்டியதும் சந்தேகம் வந்தது: இது நேற்று எடுத்த படமோ? வாயைத் திறந்தேன்.

"வேனைத் திருப்பச் சொன்னே, நான் எறங்கி நடந்தே போய் நிச்சயம் பண்ணிக்குவேன்!" என்றாள் தங்கச்சி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கினே வந்தேன்.

மண்டபத்தில் செருப்புகளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்குத் தோதாக இருந்தது. புரோகிதர் விடவில்லை. "அன்னகாரு, ரண்டி!" என்று பெண்ணின் அண்ணனைத் தெலுங்கில் கூப்பிட்டார். எழுந்து போய்த் தட்டை நீட்டினேன். எதிரே மாப்பிள்ளையின் அப்பா. ஊரையே அதட்டுகிற மீசை. பழகிய வாக்கியம் மறந்தே போனது. பார்வை தட்டில் விழுந்தது. ஒரே ஒரு வெற்றிலை காம்பு திரும்பிக் கிடந்தது. விட முடியுமா? கட்டைவிரலால் திருப்பினேன்.

மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வெற்றிலையோடு சம்பந்தமே போச்சு என்று நினைத்தேன். அவர் தட்டையே முறைத்தார். பிறகு, அடியில் நான் கவனிக்காத இன்னொரு வெற்றிலையை இழுத்து நேராக்கினார். நான் பாக்கை நடுவுக்குத் தள்ளினேன். அவர் தேங்காய்க் குடுமியைத் திருப்பி வைத்தார். இருவரும் தட்டை விடுவதாக இல்லை.

"முகூர்த்தம் போவுது சாமி!" என்று புரோகிதர் கத்திய பிறகுதான் தட்டு கைமாறியது. என் வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா தங்கச்சி பக்கம் குனிந்தார். "உங்க மாமனாரு ராத்திரியில கேஸ் அடுப்பை மூடியாச்சானு பார்க்க எழுந்து எழுந்து போவாரும்மா. சத்தம் கேட்டா பயந்துக்காதே."

தங்கச்சி இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, ஊர் ஊரா தேடி நம்ம வீட்டையே புடிச்சிக்கினு வந்திருக்கே!"