அளவுகோலின் நாற்காலி

அச்சகத்தார் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "உங்க தொழில்ல உங்ககூட இருக்கிற ஒருத்தரைப் பத்தி எழுதுங்க" என்று கேட்டார்கள். நான் என்னைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சங்கத்தில் பாதிப் பேர் பந்தயம் கட்டியிருப்பார்கள். எழுதினால் எழுதலாம், விஷயம் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவன், அச்சகத்துக்குக் காகிதக் கட்டு இறக்க வந்தவன், பிற்பாடு அதே அச்சகத்தை வாங்கினான் என்றால் அது சின்ன விஷயமா? ஆனால் அதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியாயிற்று, கேட்காதவர்களுக்கும் சொல்லியாயிற்று. அதனால் இந்த முறை என் அக்கா மகளைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள் அவள்தான்.

அவளுக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர் வைத்தது நான். நல்ல பெயர் வைப்பதில் எனக்கு ஒரு ராசி உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தால், சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அதை நேராக்காமல் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவள் புருஷன் பேருந்து ஓட்டுகிறவன், தமாஷ்காரன். "மாமா, இவ பக்கத்துல படுக்கும்போது தலகாணியோட மூலைக்கு மூலை சரியா படுக்கணும், இல்லேன்னா எழுப்பி விட்டுடுவா" என்பான்.

கண் அப்படி என்றால் வேலை எப்படி இருக்கும்! அவள் போட்ட பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், முன்பக்கத்து வரிக்குப் பின்னாலேயே பின்பக்கத்து வரி நிற்கும். எங்கள் மெஷின்காரர் யாரையும் லேசில் புகழாதவர். அவரே, "இந்தம்மா பக்கத்தை ஓட்டும்போது மெஷினுக்கே கொஞ்சம் மரியாதை வந்துடுது" என்று சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு வருஷா வருஷம் வரும் பெரிய வேலை, பம்பு வியாபாரி ஒருவரின் விலைப்பட்டியல். பம்பு, மோட்டார், வால்வு, வாஷர் என்று அவர் கடையில் இருக்கும் அத்தனை உருப்படியும் அதில் வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் தடித்த எழுத்தில், எண் சின்ன எழுத்தில், குறிப்பு சாய்ந்த எழுத்தில், விலை வலது ஓரத்தில். பார்க்க அழகுதான். போடுகிறவளுக்கு அது கல்லுடைக்கிற வேலை. பெயரை மௌஸால் இழுத்துப் பிடித்துத் தடித்ததாக்கு, எண்ணை இழுத்துப் பிடித்துச் சின்னதாக்கு, குறிப்பை இழு, விலையை இழு. ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தில் மறுபடியும் அதே இழுவை.

இழுத்து இழுத்து ஒரு நாள் அவள் மணிக்கட்டே இழுத்துக்கொண்டது. சொல்லவில்லை, அழுத்தக்காரி. தண்ணீர்ச் செம்பை இடது கையால் தூக்கியதைப் பார்த்துக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி. டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "கத்தி வைக்காம தப்பிக்கணும்னா இந்தக் கையால மௌஸ் பிடிக்கிறதை விட்டுடுங்க" என்று சொல்லி ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்.

சொந்த மருமகள். கை நொந்தவளை வீட்டுக்கு அனுப்புகிற ஆள் நானில்லை. மறுநாளே அவளைக் கூப்பிட்டேன்.

"வாசல் மேசையில உக்காரும்மா. ஃபோன் வந்தா எடு, ஆள் வந்தா உக்கார வை. சம்பளம் அதே சம்பளம். உன் நாற்காலிக்கு வேற அச்சகத்துலேருந்து ஒரு லேஅவுட்காரரைக் கேட்டிருக்கேன், திங்கக்கிழமை வர்றேன்னிருக்கார்."

இந்தப் பெருந்தன்மைக்கு அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் சிவந்தது.

"ஹலோ சொல்றதுக்கா மாமா நான் இத்தனை வருஷம் பக்கம் போட்டேன்?"

"கை போயிடுச்சேம்மா."

"கை போகல மாமா. மௌஸ்தான் போகணும்."

"மௌஸ் இல்லாம பக்கம் எப்படிப் போடுவே, ஊதியா?"

"பக்கம் தன்னால விழும் மாமா. ஒரு வழி இருக்கு."

பக்கத்தில் மை துடைத்துக்கொண்டிருந்த மெஷின்காரர் விடுவாரா? "தன்னால விழுமா? அப்படியே தன்னால ஓடுற மெஷினும் ஒண்ணு பார்த்துச் சொல்லும்மா, நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன்."

"நீங்க இப்பவே பாதி நேரம் படுத்துத்தானே இருக்கீங்கண்ணே" என்றாள் அவள். அவர் மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

அவள் சொன்ன வழி இதுதான். எந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் முதலிலேயே ஒரு தடவை சொல்லி வைத்துவிட வேண்டும். 'பெயர்' என்றால் தடித்தது, 'விலை' என்றால் வலது ஓரம், இப்படி. பிறகு பட்டியலை வெறும் எழுத்தாக வாங்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அம்புமுனை போன்ற இரண்டு குறிக்குள் 'பெயர்', 'விலை' என்று அதனதன் அடையாளத்தை எழுதிவிட வேண்டும். அதற்கு டேக் என்று பெயர். அந்த எழுத்தை மொத்தமாகப் பக்கத்துக்குள் ஊற்றினால், கம்ப்யூட்டர் டேக்கைப் பார்த்து உடுப்பை மாட்டிவிடும். டேக் மறைந்துவிடும், பக்கம் நிற்கும்.

மெஷின்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் பட்டென்று புரிந்தது. கிடங்கில் மூட்டை தூக்கினவன் அல்லவா? மூட்டையின் மேல் சீட்டுக் கட்டியிருந்தால் எந்த வண்டிக்கு என்று சுமைக்காரன் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஏற்றிக்கொண்டே போகலாம். அவ்வளவுதான் சங்கதி. படித்தவர்கள் பெரிய புத்தகம் வைத்துப் படிக்கிறதை நான் முதுகால் படித்திருக்கிறேன்.

புரிந்தாலும் நான் வியாபாரி. "சரி, பம்புக்காரர் பட்டியலை இந்த வழியில போடு. அவர் வாயால நல்லாருக்குன்னு சொன்னா நாற்காலி உன்னோடது. இல்லேன்னா வாசல் மேசை. பேச்சு மாறக் கூடாது" என்றேன்.

"மாற மாட்டேன் மாமா. நீங்க மாறாம இருங்க."

பட்டியல் பம்புக்காரரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற கிளார்க் அம்மாவை இவள் ஃபோனில் பிடித்தாள். பெயரும் எண்ணும் விலையும் அங்கே தனித்தனிக் கட்டத்தில்தான் இருந்தன. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் டேக் தானாக விழுந்து வெளியே வரும்படி ஏற்பாடு செய்ய முடிந்தது. ஃபோனிலேயே இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். நடுநடுவே பிள்ளைகள் சளி, மாமியார் கோபம் எல்லாம் ஓடியது. நான் இருமினால், "டேக்தான் பேசிட்டிருக்கோம் மாமா" என்பாள்.

இந்தப் பக்கம், உடுப்பு தைக்கிற வேலையை, அதாவது எந்த எழுத்து எப்படி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கிறதை, இடது கையால் செய்தாள். முதலில் மோட்டார் பகுதியை மட்டும் வரவழைத்து ஊற்றிப் பார்த்தாள். ஒரு குறை இல்லாமல் நின்றது. மெஷின்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது நாம போட்ட மாதிரியேல்ல இருக்கு" என்றார். 'நாம' என்றார்!

"பக்கம் தன்னால விழும், வந்து பாருங்க" என்று சனிக்கிழமை காலையில் பம்புக்காரரை வரச் சொன்னேன். கண்காட்சிக்குப் பட்டியல் கையில் இருந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். அவரும் என்னைப் போலக் கீழிருந்து வந்தவர், என் அளவுக்கு இல்லாவிட்டாலும். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அளவுகோல் இடது கையால் ஒரே ஒரு விசையைத் தட்டினாள். சீட்டுக்கட்டைச் சரித்துவிட்டது போலப் பக்கங்கள் விழுந்தன. ஒன்று நிரம்பி அடுத்தது, அது நிரம்பி அடுத்தது. தடித்தது தடித்த இடத்தில், சாய்ந்தது சாய்ந்த இடத்தில், விலை எல்லாம் வலது ஓரத்தில் வரிசை பிடித்து நின்றன. பம்புக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைப் பக்கம் நகர்த்திக்கொண்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

வால்வுப் பக்கம் வந்தது. அவர் முன்னால் குனிந்தார்.

"என் வால்வு எங்க?"

அங்கே பெயரே இல்லை. எண் மட்டும் அநாதையாக நின்றது. கீழே வேறொரு உருப்படிக்குக் குறிப்பு பாதியில் அறுந்து, விலை வலது ஓரத்துக்குப் போகாமல் குறிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படி இரண்டு மூன்று.

"என் கடையில அதிகமா போறதே இந்த வால்வுதான். அதை முழுங்கிட்டு ஏப்பம் விடுது உங்க கம்ப்யூட்டர்! தன்னால விழுதுன்னீங்களே, இதைத்தான் சொன்னீங்களா? பெரியவரே, எனக்கு விளையாட நேரமில்ல. நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வேலை போனால் அச்சகத்துக்கு ஒரு காலே போன மாதிரி. "இருங்க, இருங்க, கையால போட்டுத் தர்றோம், ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, புது லேஅவுட்காரரை இன்றைக்கே வரச் சொல்லலாம் என்று வாசல் மேசைக்குப் போய் ஃபோனைக் கையில் எடுத்தேன். அளவுகோல் என்னைப் பார்த்தாள். ஃபோனையும் பார்த்தாள். அழவில்லை. பம்புக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்த இடத்துல என்ன இருக்கணும்?"

"ரெண்டு அங்குலத்துக்குக் குறைஞ்ச வால்வு."

"இங்க?"

"அஞ்சு குதிரைத்திறனுக்குக் குறைஞ்ச மோட்டாருக்கு மட்டும்னு இருக்கணும்."

"இங்க?"

"அதுவும் குறைஞ்ச அளவு வாஷர்தான். ஏம்மா, என்னைப் பரீட்சை எழுத வைக்கிறியா?"

"குறைஞ்ச, குறைஞ்ச, குறைஞ்ச" என்று முணுமுணுத்தவள் எழுந்து வந்து என் கையில் இருந்த ஃபோனை வாங்கினாள். கேட்டுக்கூட வாங்கவில்லை, உருவினாள். கிளார்க் அம்மாவுக்கு எண்ணைச் சுழற்றினாள்.

"அக்கா, 'அதுக்குக் குறைஞ்சது'ன்னு பட்டியல்ல எழுதணும்னா நீங்க என்ன போடுவீங்க?"

மறுமுனைக்காரி குரல் எங்களுக்கே கேட்டது. "அதை யாரு எழுத்தா அடிக்கிறது? வாய் பிளந்த மாதிரி ஒரு குறி இருக்கில்ல, அதைப் போட்டுடுவேன். முதலாளி கத்துக் குடுத்த பழக்கம்."

"ஆமா, நான்தான் கத்துக் குடுத்தேன்" என்றார் பம்புக்காரர் பெருமையாக. "கணக்குல குறைவுக்கு அதுதானே குறி?"

அளவுகோல் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தாள். டேக் ஆரம்பிக்கிற குறியும் அதே வாய் பிளந்த குறிதான். அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர், இதோ ஒரு டேக் வருகிறது என்று நினைத்து, அடுத்த டேக் மூடுகிற இடம் வரைக்கும் உள்ளதை எல்லாம் விழுங்கியிருக்கிறது. மோட்டார் பகுதியில் அந்தக் குறி இல்லாததால் முதல் சோதனையில் தெரியவில்லை. மூட்டையில் ஒரு கிழிசல் சீட்டுப் போலத் தொங்கினால் சுமைக்காரன் அதைப் பார்த்து வேறு வண்டியில் ஏற்றிவிடுவான், நானே ஏற்றியிருக்கிறேன். மெஷின்காரருக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். இந்தத் தடவை அவருக்கும் புரிந்தது.

"அவ்வளவுதானே? அந்தக் குறி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் 'குறைவு'ன்னு மாத்திடு" என்றேன்.

"ஐயோ மாமா, இங்க மாத்தினா டேக்கெல்லாம் சேர்ந்து போயிடும். வீடு கூட்டப் போய் வீட்டையே கூட்டித் தள்ளின மாதிரி ஆயிடும். டேக் போடறதுக்கு முன்னாடி அங்கேயே மாத்தணும்."

கிளார்க் அம்மா அங்கே மாற்றினாள். டேக் மறுபடி விழுந்தது, எழுத்து மறுபடி வந்து சேர்ந்தது. அதுவரை பம்புக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மூட்டை தூக்கிய கதையைச் சொல்லி உட்கார வைத்தேன். அவர் எழுந்து போகாததற்கு என் கதையும் ஒரு காரணம்.

அளவுகோல் விசையைத் தட்டினாள். பக்கங்கள் விழுந்தன. பம்புக்காரர் திரையில் விரலை வைத்தே தேடிக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"வந்துட்டாண்டா என் வால்வு!"

தடித்த எழுத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது வால்வு. விலை வலது ஓரத்தில். அவர் கடைசிப் பக்கம் வரை போய்விட்டு என்னிடம் திரும்பினார். "நல்லாருக்கு பெரியவரே. போன வருஷத்தை விட நல்லாருக்கு. அடுத்த வருஷம் விலை மட்டும் மாத்தி ஊத்தினா போதும்தானே?"

"ஊத்திடலாம்யா" என்றாள் அளவுகோல். அவர் விரல் பட்ட கறையைத் திரையிலிருந்து முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை அந்த லேஅவுட்காரர் டிபன் கேரியரோடு வந்து நின்றார். வரவேண்டாம் என்று சொல்ல நான் மறந்து போனேன். இத்தனை விஷயத்துக்கு நடுவில் யாருக்கும் மறக்கும். என்ன செய்வது என்று நான் விழித்தபோது அளவுகோல் முன்னால் வந்தாள். "அழைப்பிதழ், நோட்டீஸ்லாம் ஒவ்வொண்ணும் ஒரு விதம் மாமா, டேக் வெச்சு ஊத்த முடியாது. அதுக்கு மௌஸ் பிடிக்க நல்ல கை வேணும்" என்று தன் பக்கத்திலேயே அவருக்கு இடம் போட்டாள். இப்போது அவரும் பாதி டேக்குக்காரர் ஆகிவிட்டார். அவள் மணிக்கட்டும் தேறிவிட்டது. பட்டை கழன்று நாளாகிறது, கத்தி தேவைப்படவில்லை. செம்பை வலது கையால் தூக்குகிறாள். கேட்லாக், விலைப்பட்டியல் என்று தேடி வருகிறவர்கள் என்னைக் கேட்பதில்லை. "டேக் போடுற அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு மாமா யார் என்று அவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

வாசல் மேசை காலியாகக் கிடந்தது. ஃபோனை யாராவது எடுக்க வேண்டும் அல்லவா? "நீங்கதான் நல்லா பேசுவீங்களே மாமா" என்றாள். மெஷின்காரர் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தார். ஆனால் அவள் சொன்னது உண்மை. நான் உட்கார்ந்த பிறகு இந்த அச்சகத்துக்கு ஃபோன் செய்த ஒருவர்கூட வேலை கொடுக்காமல் ஃபோனை வைத்ததில்லை. சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள். நான்தான் எடுப்பேன்.