உயர்த்திய கைகளில் ஓடிய ஓடை

கல்லூரி வாசலில் முதலமடைப் பேருந்து நின்றபோது நடத்துநர் என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், சென்னியப்பண்ணன் போயிட்டாருங்க. நேத்தே எல்லாம் முடிஞ்சுது” என்றார். மணி அடித்துவிட்டது. உள்ளே போய்ப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

உங்களில் பலருக்கு அவர் முதலமடைப் பஞ்சாயத்து உறுப்பினர், நிலக்கடலை விவசாயி, முன்கோபக்காரர். நான் அவரை அறிந்தது என் தவறு ஒன்றின் வழியாக.

வீடில்லாத கூலிக் குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் தேர்ந்து தரும்படி பஞ்சாயத்து என்னைக் கேட்டிருந்தது. புவியியல் கற்பிப்பவள் என்பதால் வந்த வேலை. கோடை விடுமுறையில், சித்திரை வெயிலில், ஊரை அளந்து வரைபடம் போட்டேன். ஊருக்கு வடக்கே சமமாக, காலியாகக் கிடந்த நிலத்தைத் தரிசு என்று குறித்து, வீடுகளுக்கு ஏற்றது என்று எழுதினேன்.

சென்னியப்பன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “நெலத்த அளந்துட்டீங்க டீச்சர். அது நனையறப்பப் பாத்தீங்ளா?”

பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஊரைக் கூட்டிக் கேட்டுவிடலாம் என்றார். எனக்கு ஊர்க்கூட்டங்களில் நம்பிக்கை கிடையாது. உரக்கப் பேசுகிறவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அவர் யாரையும் பேசவே விடவில்லை. கதிரடிக்கும் களத்தின் நடுவில் ஒரு கல்லை வைத்து, அதுதான் கோயில் என்றார். கோயிலிலிருந்து அவரவர் வீடு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பப் போய் நிற்கச் சொன்னார். “ஏனுங்க, எம்பட ஊட்டு மேல நிக்கறீங்க, நகருங்க” என்று ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளினார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பிறகு, ஐப்பசி மழையில் யார் வாசல் வழியாக வெள்ளம் போகிறதோ அவர்கள் மட்டும் கையைத் தூக்கட்டும் என்றார்.

தெற்கே, மலையடியில் நின்றவரின் கை எழுந்தது. அதையடுத்து ஒன்று, அப்புறம் இரண்டு. வளைந்து வளைந்து, கைகளாலான ஓர் ஓடை களத்தில் இறங்கி வந்தது. அது போய் முடிந்த வடக்கு மூலையில் ஒருவரும் நிற்கவில்லை. அதுதான் என் தரிசு. எனக்கு எளிதில் உடல் சிலிர்ப்பதில்லை. அன்று சிலிர்த்தது.

“அப்ப எங்கள எங்க போகச் சொல்றீங்க பண்ணாடி, ஆகாசத்துக்கா?” என்று சென்னியப்பனைப் பார்த்து ஒரு குரல் கேட்டது. கேட்டவள் மாராயி, வீட்டுக்காகக் காத்திருந்த கூலிப்பெண். வீடு இல்லாததால் அவளைப் போன்றவர்களுக்கு அந்தக் களத்தில் நிற்க இடம் இருக்கவில்லை. அவர்கள் அத்தனை பேரும் களத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்கள்.

சென்னியப்பன் நின்றது கிழக்கு மேட்டில். அவர் வீட்டை ஒட்டி, அவருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலமும் அங்கேதான். அவர் கை தூக்கியிருக்கவில்லை. குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அதுவரை அவருக்கே தெரிந்திராத ஒன்று அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

“இங்க வந்து நில்லு, மாராயி. தண்ணி இங்க வராது.”

அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“மாட்ட எங்கண்ணா கட்டுவீங்க, உத்தரத்துலயா?” என்று அவருடைய பங்காளி ஒருவர் குத்தலாகக் கேட்டார்.

“மாட்டுக்குக் காலிருக்குது, நடந்து போயி மேயும். ஊட்டுக்கு இருக்குதா?”

வரைபடத்தைத் திருத்தினேன். அவர் விட்டுக்கொடுத்த மேய்ச்சல் மேட்டில் வீடுகள் எழுந்தன. அந்த ஐப்பசியில் சென்னியப்பனோடு போய்ப் பார்த்தபோது நான் தேர்ந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர். அவர் ஒரு சொல் சொல்லிக்காட்டியிருக்கலாம். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்ததோடு சரி.

சென்ற ஞாயிறன்று துக்கம் கேட்கப் போனேன். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாராயியின் வீட்டில் ஒதுங்கினேன். தரை உலர்ந்திருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இரண்டு எட்டு. எந்த ஊரின் வரைபடத்தை விரித்தாலும் இப்போது களத்தின் ஓரத்தைத்தான் முதலில் தேடுகிறேன். ஓரத்தில் நிற்பவரைக் கண்டபின் என் காலடியைப் பார்த்துத் தள்ளி நிற்பேனா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.