அருணாசலவடிவு ஆடிய மியூசிக்கல் சேர்

முத்தையாபுரத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு அவர் வடிவக்கா. சொன்ன தேதியில் ஜாக்கெட் கிடைக்காதவர்கள் 'நாளைக்கு அக்கா' என்பார்கள். முழுப்பெயர் அருணாசலவடிவு. ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊரில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நயினாரைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். தையல் மிஷினில் உட்கார்ந்தால் வாயும் சேர்ந்து ஓடும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு வயிறு உப்பத் தொடங்கியது. கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார். இரண்டு கவளம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் பாவாடை நாடா எட்டவில்லை. ஒருநாள் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தோளையும் கையையும் அளந்தார். அவை இளைத்திருந்தன.

"இது சோத்துல வந்த வயிறு இல்ல" என்று சொல்லிவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

சினைப்பையில் புற்றுநோய். திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது, பிறகு கீமோ. முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, உள்ளங்கால் மரத்துப்போய் பஞ்சில் நடப்பதுபோல் ஆனது. அந்த மாதங்களை எப்படிக் கடந்தார் என்று கேட்டால், "படுத்தே கெடந்தேன். வேற என்ன செய்ய?" என்பார். ஒருவழியாக, நோயின் அடையாளம் இப்போது எதுவும் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். "ஆனா திரும்ப வரலாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை பரிசோதனைக்கு வந்துடணும். நல்லா சாப்பிடுங்க, தினமும் நடங்க. மத்தபடி சாதாரணமா இருங்க."

சாதாரணமாக இருப்பது நயினாரால் முடியவில்லை. கண்ணாடிச் சரக்கைக்கூடச் சத்தமில்லாமல் தரையில் இறக்குவார் என்று துறைமுகத்தில் அவருக்குப் பெயர். மனைவியையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார். வடிவு கட்டிலிலிருந்து எழுந்தால், கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர்போல இரண்டு கையையும் தூக்கி, "மெல்ல... மெல்ல... அங்கன நில்லு" என்பார். முதலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டி போனது. ஒருநாள் கத்தரிக்கோலையும் கையிலிருந்து வாங்கினார்.

"கனமா இருக்குளா."

"அப்ப துணிய பல்லால கிழிக்கவா?"

நயினாருடைய தங்கை ஜெயபிரியா அடுத்த தெருவில் இருந்தாள். அவளுக்குப் போனில் வராத வைத்தியம் இல்லை. காலையில் ஒரு பச்சைச் சாறு, மதியம் ஒரு கருப்புக் கஷாயம் என்று தூக்குவாளியில் கொண்டுவருவாள். வடிவு டாக்டரம்மாவிடம் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், சோறும் மீனும் காயும் போதும் என்று பதில் வந்தது. தங்கை கொண்டுவந்ததைக் கொட்ட மனமில்லாமல் நயினாரே குடித்தார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. வடிவுதான் ரசம் வைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கிருபையோடு நடப்பதுதான் வடிவுக்கு நிம்மதி. கிருபை எதிர்வீடு, மீன் ஏலக்கூடத்தில் வேலை, நல்ல ஆகிருதி. இருவரும் உப்பளத்து ரோட்டில் நடப்பார்கள். கால் மரத்திருப்பதால் தடுமாறும் இடங்களில் கிருபை கேட்காமலே தோளைக் கொடுப்பாள், பேச்சை மட்டும் நிறுத்தமாட்டாள்.

பரிசோதனை நெருங்கினால் வடிவுக்கு வேறு மாதிரி ஆகிவிடும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் கை காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தை மாதப் பரிசோதனைக்கு முந்தின வாரம், ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்திருந்தார். அதைப் பிரிக்கும்போதுதான் தெருப் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுத வந்தார்கள்.

"மியூசிக்கல் சேர்ல என் பேரையும் எழுதுங்க" என்றார் வடிவு.

நயினார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் வீடு வீடாகப் போய் என்ன சொன்னார் என்பது போட்டி அன்றைக்குத்தான் தெரிந்தது.

காணும் பொங்கல் சாயங்காலம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக வைத்திருந்தார்கள். மைக்கில் ரேடியோ செட் கடை சுடலைராஜ். பாட்டு ஓடியது, பெண்கள் சுற்றினார்கள், பாட்டு நின்றது.

யாரும் உட்காரவில்லை.

"மைனி, நீங்க உக்காருங்க" என்றாள் ஜெயபிரியா. "இல்லக்கா, இங்கன உக்காருங்க, இதுல காத்து வரும்" என்றாள் இன்னொருத்தி. கவுன்சிலர் வீட்டம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்தார். வடிவு நடுவில் நிற்க, அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள்.

"ஆட்டத்துல யாராவது தோக்கணும் தாய்மாரே" என்று சுடலைராஜ் கெஞ்சினார். மறுபடி பாட்டு, மறுபடி அதே உபசாரம். மூன்றாவது தடவை பாட்டு நின்றபோது, பந்தலுக்குள் படுத்திருந்த தெருநாய் ஏறி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. சுடலைராஜுக்கு வேறு வழி தெரியவில்லை. "விதிப்படி நாய் உள்ள இருக்கு. மத்த எல்லாரும் அவுட்டு" என்று அறிவித்துவிட்டார்.

தெருவே சிரித்தது. வடிவு சிரிக்கவில்லை. கிருபையின் பக்கம் திரும்பினார்.

"என்னளா நடக்கு இங்கன?"

கிருபைக்குப் பொய் சொல்ல வராது. "அண்ணாச்சிதான் வீட்டுக்கு வீடு வந்து சொல்லிட்டுப் போனாக. வடிவ யாரும் இடிச்சிராதிய, கண்ணாடி மாதிரி பாத்துக்கிடுங்கன்னு."

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நயினார் வானத்தைப் பார்த்தார். வடிவு நேராகப் போய் மைக்கை வாங்கினார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு சீக்கு வந்தது சினைப்பையில. ஆபரேஷன்ல அதை எடுத்தாச்சு. உக்காருத எடம் அப்படியேதான் இருக்கு. அதுக்கு ஒரு சேதமும் இல்ல."

ஆண்கள் பக்கம் தலைகள் குனிந்தன. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்க நேரமாயிற்று.

"ஒன்றரை வருசமா என்னைய யாரும் ஏசல. ஜாக்கெட் லேட்டாச்சுன்னு ஒருத்தி சண்டைக்கு வரல. இப்படி இருந்தா நான் செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வருது. ஒழுங்கா ஆடுங்க. தோத்தா நான் வீட்டுக்குப் போறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "தீவாளிக்குக் கொடுத்த ஜாக்கெட்டு இன்னும் வரலக்கா." கல்லூரிக்குப் போகும் சரண்யாதேவி.

"நாளைக்கு" என்றார் வடிவு. முகம் தெளிந்துவிட்டது.

நாயை இறக்கிவிட்டு ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினார்கள். நயினாரை, ஆட்டம் முடியும்வரை வரக்கூடாது என்று சொல்லி, எல்லோருக்கும் சோடா வாங்க அனுப்பினார்கள்.

பிறகு நடந்ததைத் தெருவில் இன்றும் பேசுகிறார்கள். வடிவுக்கு இரக்கமே இல்லை. கால் தடுமாறாமல் இருக்க ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். பாட்டு நின்றதும் எந்த முதுகு கையில் இருந்ததோ அது அவருடையது. கவுன்சிலர் வீட்டம்மா உட்காரப்போன நாற்காலியை இழுத்துத் தான் உட்கார்ந்தார். ஜெயபிரியாவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். அவள் பந்தலுக்கு வெளியே போய் நின்று, "மைனிக்கு பலம் வந்துட்டு, எல்லாம் என் கஷாயம்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

கடைசியில் ஒரு நாற்காலி மிஞ்சியது. வடிவும் கிருபையும் சுற்றினார்கள். பாட்டு நின்றது. வடிவுதான் முதலில் உட்கார்ந்தார், பாதி நாற்காலியில். மறு பாதியில் கிருபை வந்து இறங்கினாள். நாற்காலியின் நாலு காலும் நாலு திசைக்கு விரிந்தன. இருவரும் தரையில் கிடந்தார்கள். சோடாப் பெட்டியோடு வந்த நயினார் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏளா வடிவு, எங்கன வலிக்கு?"

"வலிக்கலங்க. இவ எந்திரிக்க மாட்டங்கா. பொடவை மாட்டிக்கிட்டு."

சிரித்துச் சிரித்து வடிவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுடலைராஜ் கீழே குனிந்து, உடைந்த நாற்காலியின் பெரும்பகுதி யாருக்கு அடியில் இருக்கிறது என்று பார்த்து, கிருபைதான் முதல் பரிசு என்றார். தோற்ற வடிவுக்கு ஒரு டிபன் பாக்ஸ். தீர்ப்பு செல்லாது என்று வடிவு ஒரு வாரம் வாதாடினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நயினார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு பயமா இருக்குளா. அதான் அப்படிச் செஞ்சிட்டேன்."

"எனக்கும்தான் இருக்கு" என்றார் வடிவு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து. "இருந்துட்டுப் போட்டும். சாப்பிட்டுட்டுப் பயப்படுவோம், எந்திரிங்க."

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, மறுநாளும் போய் நிற்கவேண்டியிருந்தது. டாக்டரம்மா தாள்களைப் புரட்டினார். நயினார் வடிவின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் நார்மலா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் வடிவு கிருபைக்குப் போன் போட்டார். அங்கே ஏலம் நடந்துகொண்டிருந்தது.

"ஏளா, நார்மல்னு சொல்லிட்டாக."

"நாமக்கல்லா? எதுக்கு அங்கன போனிய?"

"நாமக்கல் இல்ல. நார்மல்."

"அது ரொம்ப தூரம்லா? ராத்திரிக்கு எங்க தங்குவிய?"

வடிவு கத்தினார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, விஷயம் புரிந்து, போனை நோக்கி, "நார்மல்" என்றார். கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் நயினார் போனைப் பிடுங்கி, துறைமுகத்தில் கப்பலுக்குக் குரல் கொடுப்பதுபோல ஒரே ஒரு தடவை சொன்னார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது.

மறுமுனையில் ஏலச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிருபை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரி அண்ணாச்சி. வரும்போது அக்காவ பஸ்ல தூங்கவிட்டுக் கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் நடக்கணும்."