நஞ்சம்மாவின் ஒரு துளி

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் நர்ஸ் நஞ்சம்மா அதைக் குழந்தையின் குதிகாலில் சுற்றுவாள். சூடேறிய காலில் ரத்தம் தானாக வரும். பிஞ்சுப் பாதத்தைப் பிதுக்க வேண்டாம். குத்துவது குதிகாலின் ஓரத்தில், அதுவும் ஒரே குத்து. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை பார்க்க நரம்பு தேடி ஊசி போட்டது போய், ஒரு துளியும், சர்க்கரை கூடக் கூட நீலம் ஏறும் ஒரு காகிதப் பட்டையும் போதும் என்றானதிலிருந்து, மைசூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இவளைத்தான் கூப்பிடுகிறார்.

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. பொம்மைக்குக் காது குத்திய அண்ணனோடு நாள்கணக்கில் பேசாதிருந்தவள். இன்றும் குத்துமுன் பிள்ளையிடம் சொல்லிவிடுவாள்: "கோவிச்சுக்காத கண்ணு, எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கும்."

அன்று கௌரம்மாவின் மகன். தாய்க்குச் சர்க்கரை வியாதி. பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால் மடியிலிருந்து பிரித்து, உள்ளறையில் டிரிப் ஏற்ற வேண்டும். நஞ்சம்மா குதிகாலைத் துடைத்தாள், ஊசி எடுக்கத் திரும்பினாள், வந்து குத்தினாள். துளி பட்ட பட்டை கருநீலமானது. ஜன்னல் வெளிச்சத்தில், பட்டை இருந்த சீசாமேல் அச்சிட்டிருந்த வண்ணங்களோடு ஒப்பிட்டாள்.

"நீலம் ஏறினா நல்லதுதானே சிஸ்டர்?" என்றாள் கௌரம்மா.

பால் குடிக்கவே சோம்பும் பிள்ளைக்கு இவ்வளவு நீலமா? நஞ்சம்மாவின் கண் தகப்பன் ரவிக்குமாரின் விரல்களுக்குப் போனது. வார்டு முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்து நின்றிருந்தான்.

"ஏனுங்க, நான் திரும்பினப்ப காலைத் தொட்டீங்களா?"

"ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் தடவிக் குடுத்தேன். அழக் கூடாதுன்னு."

"நல்லாத்தான் போங்க. நான் பார்த்தது உங்க லட்டுச் சர்க்கரை."

"மறுபடியும் குத்தணுமா?" கௌரம்மா பிள்ளையின் காலைச் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.

நஞ்சம்மாவுக்கும் மனம் வரவில்லை. "நீ பால் குடு தாயி. அவன் குடிக்கறப்பவே எடுத்துக்கறேன்."

மறுகாலைக் கழுவித் துடைத்து, வெதுவெதுப்பாக்கி, ஓரத்தில் குத்தினாள். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பிள்ளை ஒரு கணம் சப்புவதை நிறுத்தி, பிறகு தொடர்ந்தது. இந்த முறை இளநீலம்.

டாக்டரம்மா பட்டையைப் பார்த்தார். "கம்மிதான், ஆனா பயமில்ல. மடியிலேயே இருக்கட்டும். அடிக்கடி பால் குடுங்க, சாயங்காலம் பார்ப்போம்."

கௌரம்மா சேலையைத் தளர்த்தினாள். கை கழுவிவிட்டு வந்த ரவிக்குமார் ஒரு லட்டை நீட்டினான். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கான துணி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. நஞ்சம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.