மரத்துப் பக்கத்து வீடு

அலுவலகத்தில் அவளுக்குத் தேன்வாய் என்று பெயர். சும்மா வைக்கவில்லை. மிக்சி விற்றாள், மெத்தை விற்றாள், கடைசியில் வீடு விற்க வந்தாள். கல்லையும் கரைக்கிற பேச்சு. "எங்க விட்டாலும் வாயாலயே பொழைச்சுக்குவா" என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். பெற்றவர்கள் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அந்த அக்காதான்.

நகரத்தின் நடுப்பகுதிக்குப் பொடிநடையாகப் போய்விடலாம், அப்படியோர் இடத்தில் கம்பெனி அடுக்குமாடி கட்டியது. இயற்கையோடு இணைந்த குடியிருப்பாம். மொட்டைமாடியில் தோட்டம், சுவரெங்கும் கொடி, நடுமுற்றத்தில் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அதை வெட்டாமல் சுற்றிக் கட்டியதுதான் விளம்பரமே. மரத்தைப் பார்த்த வீடுகளுக்கு விலையும் கூடுதல். தேன்வாய் ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஊர் நடுவுல காடு வாங்குறீங்க" என்பாள். வந்தவர்கள் அப்படியே விழுந்தார்கள். அக்காவும் விழுந்தாள். இருந்த வீட்டை விற்று, இரண்டாம் மாடியில் மரத்துப் பக்கமாகவே வாங்கினாள்.

பத்திரம் பதிந்த பிறகுதான் தேன்வாய்க்கு விஷயம் தெரிந்தது. கார் நிறுத்தக் கீழே தோண்டியபோது மரத்தின் ஒரு பக்கத்து வேர் மொத்தமும் போய்விட்டதாம். சைட் இன்ஜினியர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கும்மா. பச்சை பெயின்ட் அடிச்சாச்சு, கொடின்னு நெனச்சுக்குவாங்க. பலமா காத்தடிக்காத வரைக்கும் கவலையில்ல."

"அடிச்சா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா."

சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாள், சரி, யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் மறுநாளும் அதே ஜன்னலைத் திறந்து அதே காட்டை விற்றாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மரம் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. கேட்டவர்களிடம் "சீசன்ங்க" என்றாள். கொட்டிய இடத்தில் துளிர் வரவேயில்லை.

அக்கா குடிவந்த அன்று மனம் பொறுக்கவில்லை. சாமான்களுக்கு நடுவே நின்று சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த வீடு வேணாம். மரத்தோட வேரை வெட்டிட்டாங்க. அது நிக்காது."

அக்கா பெட்டியைப் பிரித்தபடியே சிரித்தாள். "ஏண்டி, கூட வெலை குடுக்க வேற ஆள் சிக்கிட்டாங்களா?"

"சத்தியமாக்கா!"

"இன்னும் நூறு வருஷம் நிக்கும்னு சத்தியம் பண்ணதும் நீதான். நான் எந்தச் சத்தியத்தை நம்புறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, கேலியாகத்தான் கேட்டாள். தேன்வாய்க்குச் சுருக்கென்றது.

அக்கா மகளின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தேன்வாய் அதை எதிர்ச்சுவருக்கு இழுத்தாள். அக்கா பழைய இடத்துக்கே தள்ளினாள்.

சாயங்காலம் காற்று கிளம்பியது. கம்பி விண்விண்ணென்று அதிர்ந்தது. "பாத்தியா, என்னமா காத்து வருது!" என்று அக்கா ஜன்னலின் மற்றக் கதவையும் திறந்துவிட்டாள். குழந்தை கட்டிலில் ஏறி நின்று கிளைக்குக் கை நீட்டியது. தேன்வாய் குழந்தையை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு படியில் ஓடினாள். பிள்ளையைத் தூக்கினால் தாய் பின்னாலேயே வந்துதானே ஆகவேண்டும்?

பின்னால் காலடிச் சத்தமே இல்லை. மேலிருந்து அக்காவின் குரல்தான் வந்தது, சந்தோஷமாக.

"சித்தியும் பொண்ணும் நல்லா விளையாடிட்டு வாங்க! நான் இங்க ஜன்னல்லயே நிக்கிறேன்!"