அங்கோர் வாட்டில் அகழிக்கு இந்தப் பக்கம்

புதிதாக மழித்த தலையில் நண்பகல் வெயில் இறங்கினால் முதலில் கூசும், பிறகு எரியும், அதன்பிறகு அந்தத் தலை நம்முடையதே இல்லை என்பதுபோல் மரத்துப்போகும். கம்போடியாவில் அங்கோர் வாட்டின் எதிரே நின்றபோது நான் அந்தக் கடைசி நிலைக்கு வந்திருந்தேன்.

அப்போது கோலா சிலாங்கூரில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் கடைசி வருடம், படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் வரலாற்றுக் கழகப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்தவர், பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் லோரி ஓட்டிய என் அப்பா. "உள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நாங்கள் புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. மூத்த பிள்ளை நான் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தேன். அழுகை மட்டும் வரவில்லை. வகுப்பில் "போத்தாக்" என்று மலாயிலும் "மொட்டை" என்று தமிழிலும் கூப்பிட்டார்கள்; இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

அப்பா ஆசைப்பட்டாரே என்று அம்மா அனுப்பிவைத்தார். ஆனால் "தீட்டு" கழியும்வரை, ஒரு வருடத்துக்கு, கோயில் படி மிதிக்கக் கூடாது என்றார். அங்கோர் வாட் ஏதோ பழைய கட்டடம் என்பது அவர் எண்ணம். படித்ததையெல்லாம் பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வரும் வரலாற்றுக் கழக உறுப்பினனான எனக்கும் அதே எண்ணம்தான். இது விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் என்று வழிகாட்டி சொன்னதும் என் கால் அகழிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"இடிஞ்ச கோயில்ல தீட்டு எல்லாம் ஒட்டாது லா, வாடா" என்றான் முரளி, என் பக்கத்து மேசைக்காரன். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் ஸ்டெல்லா டீச்சர், உங்கள் சட்டம் எனக்குத் தெரியாதுப்பா, அம்மாவையே கேள் என்று தம் கைப்பேசியைக் கொடுத்தார்.

"உள்ள சாமி இருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"பாதிச் சாமிக்குத் தலையே இல்லன்னு சொல்றாங்கம்மா."

"தலை இல்லாட்டியும் சாமிதான். நீ வெளியவே உக்காரு." பிறகு, "சாப்பிட்டியா?"

எல்லாரும் உள்ளே போனார்கள். இளநீர் விற்ற ஒரு பெண்மணியின் குடைக்கடியில், டீச்சர் திரும்பி வரும்போது கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் இளநீரை நீட்டியபடி என் தலையையே பார்த்தார். யாரைக் கண்டாலும் ஒரு கோமாளித்தனம் செய்கிறவன் நான். தலையைத் தடவிக்காட்டி ஸ்டைல் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபாதர்? மதர்?" என்று கேட்டார்.

"ஃபாதர்."

அவர் தலையில் கட்டியிருந்த கட்டம்போட்ட துண்டை அவிழ்த்தார். உள்ளே மொட்டை; என்னுடையதைவிடக் கொஞ்சம் முடி முளைத்திருந்தது.

"ஹஸ்பண்ட்" என்றார்.

அந்த ஊரிலும் சாவுக்கு மழிப்பார்கள் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. இளநீரை மட்டும் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். அவர் துண்டை மறுபடி கட்டிக்கொண்டு அடுத்த இளநீரைச் சீவத் தொடங்கினார்.

தீட்டுக் கழிந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது. முரளி இரண்டு தரம் போய்வந்துவிட்டான். நான் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவந்தாலும் சொல்வதற்கு ஆள் இல்லை. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்பதும் எனக்கு இப்போது மறந்துபோய்விட்டது. அந்தத் துண்டை அவிழ்த்த விரல்கள் மட்டும் அப்படியே நினைவில் இருக்கின்றன.